பின்னால் ஏறும் மேடு

செப்டம்பர் 9, செவ்வாய்

அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். மலை இறங்கி, ஏறி வந்தாயிற்று. திரும்பும் வழியெல்லாம் அவருக்குக் குளிர். என் சால்வையையும் சேர்த்துப் போர்த்தினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் தரையில் உட்கார்ந்து மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தான். எங்கள் ஜீப்பின் அடிவயிறு. முன்னால் ஒரு உருண்டை, பின்னால் ஒரு உருண்டை.

"இருக்கிற காசுக்கு ஒண்ணுக்குத்தான் லாக்கர் போட முடியும் வேணி. முன்னாடியா, பின்னாடியா?"

உள்ளே அப்பாவின் ரத்தம் குழாயில் போய் வந்துகொண்டிருந்தது. அண்ணனிடம் இப்போது வேறு கேள்வி இல்லை.

செப்டம்பர் 10, புதன்

புரிந்ததை எழுதிவைக்கிறேன்.

ஜீப்பின் ஒவ்வொரு அச்சிலும் நடுவில் ஒரு இரும்பு உருண்டை. டிஃபரன்ஷியல். வளைவில் உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்ற அது இடம் கொடுக்கிறது. தார்ச்சாலையில் நல்ல ஏற்பாடு. சேற்றில் அதுவே கேடு. பிடிப்பில்லாத சக்கரத்துக்கு விசையெல்லாம் போய்விடும். அது சும்மா சுற்றும். மண்ணைப் பிடித்திருக்கும் சக்கரம் அசையாமல் நிற்கும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். இருந்தும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வழுக்கினால் நின்றுவிடும்.

லாக்கர் என்பது பூட்டு. ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகக் கட்டிவிடும். ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியாக வேண்டும்.

முடியாததற்கு எல்லாம் போகிறது, முடிந்தது சும்மா நிற்கிறது. இந்த வாக்கியத்தை அடிக்கப் பார்த்தேன். இருக்கட்டும்.

அக்டோபரில் மழை. எங்கள் ஊர் கரும்பாறைக்கு ஒரே பாதை, அதுவும் மண்பாதை. போன வருடம் மழையில் பாதை வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. போன வருடம் அப்பாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்தது. இந்த வருடம் செவ்வாயும் வெள்ளியும் கீழே போயாக வேண்டும். போகாவிட்டால் என்ன என்று டாக்டரிடம் அண்ணன் கேட்டான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கீழே அறை எடுத்துப் பார்த்தோம். அப்பா இரண்டு நாள் இருந்தார், சாப்பிடவில்லை. "இந்த வெக்கையில பொழைச்சிருக்கிறதுக்குப் பேரு பொழைப்பா?" என்றார். கூட்டி வந்துவிட்டோம்.

செப்டம்பர் 12, வெள்ளி

அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறதாம். அவனுக்கே இன்றுதான் தெரியும். கிட்னி கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்து சிரித்தான். "அப்பனுக்குக் குடுக்கலாம்னு போனா எனக்கே ஒண்ணு வேணும்பாய்ங்க போல." அப்புறம் டீக்கடையில் சீனி போடாமல் வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு ஊற்றினான்.

எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்கவில்லை. இடது கையிலும் குத்தினார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அடிவாரத்தில் ஜீப் ஸ்டாண்டு. மரத்தடி. அண்ணன் விஷயத்தை எடுத்ததும் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது.

"லாக்கரா? என்னத்தப் பூட்டப் போற செல்லாண்டி? ஒன் ஜீப்புல களவு போக என்ன இருக்கு, கரப்பான்பூச்சியா?" இது அந்தோணி அண்ணன். எங்கள் மலையில் குட்டை ஜீப் அவருடையது மட்டும்தான். மற்றவை எல்லாம் பத்துப் பேர் ஏறும் நீள ஜீப்.

"சொல்லுப்பா. முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். எறக்கத்துல பாரம் பூரா மூக்குலதான நிக்குது? மூக்கு பிடிச்சாத்தான வண்டி பிடிக்கும்?"

மற்றவர்கள் கத்தினார்கள். முன்னால் பூட்டினால் ஸ்டியரிங் இரும்பாகிவிடும், வளைவில் திரும்பாது, நேரே பள்ளத்தைப் பார்த்துப் போகும் என்றார்கள். மேடேறுகிற வண்டிக்குப் பாரம் பின்னால்தான், அங்கே பூட்டு, கதையை முடி என்றார்கள்.

"யுனிவர்சிட்டி என்ன சொல்லுது?" என்று அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்தார். என் பெயர் அங்கே அதுதான்.

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

"பாரு, இதுக்கும் பாடம் இருக்காம்ல!"

அண்ணன் சிரிக்கவில்லை. எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான், பரீட்சை எழுதுகிறவன் போல.

செப்டம்பர் 19, வெள்ளி

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மேசையில் ஒரு மீன்தொட்டி. ஒரே மீன். அது கண்ணாடியின் ஒரு மூலையையே முட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அண்ணன், "என்னவாம்?"

"இன்னும் தெரியலையாம்."

செப்டம்பர் 23, செவ்வாய்

ஆனைப்பாறையில் ஏறினால் சிக்னல் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து படித்தேன். எங்கெங்கோ பாலைவனத்திலும் பனியிலும் வண்டி ஓட்டுகிறவர்கள் இதே கேள்வியைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒன்றுதான் என்றால் பின்னால் என்கிறார்கள் பெரும்பாலும். மேட்டில் எடை பின்னச்சுக்குச் சாய்கிறது. எடை இருக்கும் இடத்தில்தான் பிடிப்பு. பிடிப்பு இருக்கும் இடத்தில் பூட்டு.

ஹைதராபாத்திலிருந்து மெயிலும் வந்திருந்தது. ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜனவரியில் சேர வேண்டும்.

இறங்கி வந்து லாக்கரைப் பற்றி மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பாதையைப் பற்றி எழுதியதே இல்லை. தினமும் பார்ப்பதை யார் எழுதுகிறார்கள்.

மூன்றாம் வளைவு மிக இறுக்கமானது. நீள ஜீப் அதில் திரும்பாது. அதனால் வளைவில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும் திட்டில் மூக்கை விட்டு நிறுத்தி, அங்கிருந்து அடுத்த மேடு முழுவதையும் பின்னாலேயே ஏறுவார்கள். மேலே நாலாம் வளைவில் அதேபோல ஒரு திட்டு. அதில் வாலை விட்டு, மறுபடி முன்னால் ஏறலாம். இறங்கும்போதும் அந்த ஒரு மேடு பின்பக்கமாகத்தான். டிரைவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரை எழுத மாட்டேன்.

ஏறும்போது அங்கே எல்லோரும் இறங்கிவிட வேண்டும். யாரும் சொல்ல வேண்டாம், வண்டி திட்டில் நின்றதுமே பெண்கள் சாக்குப்பைகளோடு குதித்துக் குறுக்குப்பாதையில் நடந்து மேலே போய் நிற்பார்கள். ஒரு பக்கம் பள்ளம். டிரைவர் மட்டும் காலி வண்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வருவார். எப்போதிலிருந்து இப்படி என்று யாருக்கும் தெரியாது.

டயாலிசிஸ் முடிந்த அப்பாவால் நடக்க முடியாது. அவர் மட்டும் முன்சீட்டில் இருப்பார். பின்னால் பார்ப்பதற்காக அண்ணன் உடம்பைத் திருப்பி, இடது கையை அப்பாவின் சீட்டுக்கு மேல் போடுவான். கை அப்பாவின் தோளில் விழும். அவர்கள் இருவரும் தொட்டுக்கொள்வது அந்த மேட்டில் மட்டும்தான்.

அக்டோபர் 2, வியாழன்

முடிவாகிவிட்டது. பின்னால்.

சாப்பிடும்போது அண்ணன் அப்பாவிடமும் கேட்டான். அப்பா உப்பில்லாத சோற்றைப் பிசைந்துகொண்டே, "எங்க வேணாலும் போடு. என் சோத்துல கொஞ்சம் உப்பப் போடு" என்றார்.

நானும் பின்னால் என்றேன். எடை சாய்வதை விளக்கினேன். டம்ளரை வைத்து, தட்டைச் சாய்த்துக் காட்டினேன். அண்ணன் உன்னிப்பாகக் கேட்டான். "படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். கேலி இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 8, புதன்

பட்டறையில் ஜீப்பின் பின்னச்சைத் திறந்து போட்டிருந்தார்கள். மாட்டின் வயிற்றைத் திறந்ததுபோல, எண்ணெய் கறுப்பாக வழிந்தது. முன்னச்சுக்கு வருவது வேறு அளவாம். இனி இதை எடுத்து அங்கே மாட்ட முடியாது.

டேஷ்போர்டில் ஒரு சிவப்பு சுவிட்ச். தட்டினால் காற்று ஏறி, பின்னால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்.

அண்ணன் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் சுவிட்சை மட்டும் தட்டிக்கொண்டிருந்தான். டக். டக்.

அக்டோபர் 10, வெள்ளி

ஏறுகிறது. கல்லுமேட்டில், போன வருடம் கயிறு கட்டி இழுத்த இடத்தில், பத்துப் பேரையும் அரிசி மூட்டைகளையும் வைத்துக்கொண்டு நிற்காமல் ஏறியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"என்ன அந்தோணி, முன்னாடிதான?" என்று அண்ணன் எதிரே வந்தவரிடம் கத்தினான்.

"இன்னும் மழையே வரலடா!"

டாக்டர் வராந்தாவில் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் அவசரமாக எங்கோ போவதுபோல நடந்தேன். அந்தப் பக்கம் கழிவறை மட்டும்தான் இருந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

மழை தொடங்கிவிட்டது.

மூன்றாம் வளைவில் இறங்கிக் குறுக்குப்பாதையில் பாதியில் நின்றேன், செருப்பில் சேறு. அங்கிருந்து மேடு முழுக்கத் தெரியும். ஜீப் பின்னால் ஏறி வந்தது. முதல்தடவையாக அதைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகச் சுற்றின. பிடிக்கவில்லை. வால் பள்ளத்தின் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. அண்ணன் ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்தான். ஏதோ கல்லில் பட்டு ஏறிவிட்டது.

வண்டி பின்னால் ஏறும்போது பின்னச்சு மேலே இருக்கிறது. எடை சாய்வது கீழே, முன்னச்சில். எஞ்சினும் அங்கேதான். பின்னால் ஆளும் இல்லை, மூட்டையும் இல்லை. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பூட்டின அச்சில் எடையே இல்லை. பூட்டாமல் இருந்தாலாவது ஒரு சக்கரம் சுற்றும்போது மற்றது நங்கூரம்போல நிற்கும். இப்போது இரண்டும் சேர்ந்து வழுக்குகின்றன.

அந்த ஒரு மேட்டில் முன்னால்தான் பூட்டு வேண்டும். மற்ற எல்லா மேட்டையும் யோசித்தோம். இதை மேடு என்றே யாரும் கணக்கில் வைக்கவில்லை. அங்கே எல்லோரும் இறங்கி நடக்கிறோம். சுமையோடு ஏறினால்தானே மேடு.

பரிகாரம் எளிது. பின்னால் நாலு மூட்டை மண் போட்டுவைத்தால் போதும். அண்ணனிடம் ஒரே ஒரு வாக்கியம்.

நாளைக்குச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 18, சனி

அப்பாவின் வேட்டிகள் காயவில்லை. அடுப்புக்கு மேல் கொடி கட்டினேன். புகை வாசம்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. அண்ணன் அப்பாவுக்குப் புதுச் சட்டை எடுத்திருந்தான். கை வீக்கத்தில் பட்டன் போட முடியவில்லை.

இன்று மேட்டில் மறுபடி வால் ஆடியது. மேலே வந்ததும் அண்ணன் இறங்கிப்போய்ப் பார்த்து, "கல்லு" என்றான். சொல்ல வாயெடுத்தேன். படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றவன். டம்ளரை வைத்துக் காட்டியவள் நான். இப்போது போய் எப்படி.

இது காரணமா என்று கேட்டுக்கொண்டேன். ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும் என்பதுபோல வாய் பூட்டிக்கொள்கிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

அப்பாவுக்குத் தண்ணீர் அளவு. ஒரு நாளைக்கு அந்தச் சின்னச் சொம்பு. காலையிலேயே பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வெளியே கூரையிலிருந்து ஓயாமல் கொட்டுகிறது.

"எவ்வளவு தண்ணி வீணாப் போகுது பாரு தாயி" என்றார்.

அக்டோபர் 31, வெள்ளி

மேடு ஏறியது. எழுத வேறில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

டாக்டர் மறுபடி உள்ளே கூப்பிட்டார். மீனைக் காணவில்லை. தண்ணீர் மட்டும் இருந்தது.

"பொருத்தம் நல்லா இருக்கும்மா, அன்னைக்கே சொன்னேன். கட்டாயம் ஒண்ணும் கிடையாது. நீங்க முடியாதுன்னா, மருத்துவக் காரணம்னு நானே வீட்ல சொல்லிடுவேன். யாருக்கும் தெரிய வேண்டாம். ஆனா ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"யோசிக்கிறேன் சார்."

"செப்டம்பர்ல இருந்து யோசிக்கிறீங்க."

எழுதிவிட்டேன். எழுதினால் ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பேனாவில் மை தீர்ந்துகொண்டு வருகிறது.

பயம்தான். வலியா, தழும்பா, ஹைதராபாத்தா, பிறகு ஒற்றைக் கிட்னியோடு வாழ்வதா, எது என்று பிரித்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் அவ்வளவு பெரிதாக இல்லை. சேர்த்து வைத்தால் அசைய முடியவில்லை.

நவம்பர் 5, புதன்

டீசலும் அரிசியும் தீர்ந்துவிட்டன. வானம் கொஞ்சம் வெளுத்ததும் அண்ணன் கீழே போனான்.

"நாளைக்கு மத்தியானம் ஏறிருவேன். வெள்ளிக்கெழமைக்கு வண்டி மேலதான் நிக்கும்."

படலைத் திறந்துவிட்டேன். ஜீப் ஏறி இறங்கும் சத்தம் ஓடைவரை கேட்டது. அதற்குள் சொல்லியிருக்கலாம். நாலு மூட்டை மண். மூன்று சொல்.

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து மழை. சாயங்காலம்வரை ஜீப் சத்தம் இல்லை.

அப்பா இரண்டு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

அண்ணன் நடந்து வந்தான். இடுப்புவரை சேறு. வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

நேற்று மத்தியானம் மூன்றாம் வளைவு. ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். வழக்கம்போல அரிசி மூட்டையைத் தலைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அண்ணன் சுவிட்சைத் தட்டி, காலி வண்டியைப் பின்னால் எடுத்தான். பாதி மேட்டில் வால் பள்ளத்துக்குப் போய்விட்டது. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில். அடிச்சட்டம் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டதால் அதற்குமேல் போகவில்லை. குறுக்காகப் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தோணி அண்ணன் தன் ஜீப்பைக் கொண்டுவந்தாராம். தாண்ட இடமில்லை.

"ரெண்டும் சுத்துச்சு வேணி. ஒண்ணு சும்மா நிக்கக் கூடாதுன்னுதான வாங்குனோம்? நிக்கல. ரெண்டும் சுத்துச்சு. ரெண்டும் பிடிக்கல."

உள்ளேயிருந்து அப்பா, "வண்டி கெடக்கட்டும், நீ வந்துட்டேல்ல. தலையத் தொவட்டு" என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. டோலி கட்டிச் சுமந்துவிடலாம் என்று ஆள் கூப்பிடப் போனான். ஓடையில் கழுத்தளவு ஓடுகிறது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு யாரும் இறங்க மாட்டார்கள். அண்ணன் வந்ததே மேலே சுற்றி, மரத்தைப் பிடித்துக்கொண்டு.

நவம்பர் 8, சனி

மழை விடவில்லை. அப்பாவின் கால்களை அமுக்கினால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்திருக்கிறோம்.

மத்தியானம் அண்ணன் ஓடையைப் பார்க்கப் போயிருந்தான். நானும் அப்பாவும் மட்டும்.

"தாயி."

"என்னப்பா?"

"டாக்டரு மொதல்ல எங்கிட்டத்தான் சொன்னாரு. ஒனக்குச் சேருதுன்னு."

நான் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கிண்டுவதை நிறுத்தவில்லை.

"எப்பப்பா?"

"ஒன்ன உள்ள கூப்புட்ட அன்னைக்கேதான். நீங்க வற்புறுத்தாதீக சார், அவளாச் சொல்லட்டும்னேன்."

மூச்சு வாங்கினார். கூரைத் தகரத்தில் மழை.

"சொன்னா வேணாம்னு சொல்லிப்புடணும்னு இருந்தேன். சின்னப்புள்ள, ஒனக்கு என்னத்துக்கு அறுவையெல்லாம். என்ன சொல்லணும்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன்." சிரிக்கப் பார்த்தார். "நீ சொல்லவே இல்லையே தாயி. வேணாம்னு சொல்லவாவது எனக்கு ஒரு வழி விட்டிருக்கலாம்ல."

கோபமாகச் சொல்லவில்லை. வண்டி ஏன் வரவில்லை என்று கேட்பதுபோலத்தான் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டார். சின்னச் சொம்பு காலியாகிவிட்டிருந்தது. பெரிய சொம்பில் நிறைய மொண்டு கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவ்வளவு ஆனந்தமாக அவர் எதையும் குடித்து நான் பார்த்ததில்லை.

கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

ஓடை வடிந்தது. எட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு மூங்கில், ஒரு கம்பளி. அப்பா அதில் சுருண்டு கிடந்தார்.

மூன்றாம் வளைவுக்கு மேலே அவர் கையைத் தூக்கினார். இறக்கி வைத்தார்கள். கீழே மேட்டில் ஜீப் வாலைப் பள்ளத்தில் நீட்டிக்கொண்டு, முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தோம்.

"செல்லாண்டி" என்றார். "வண்டிய மொதல்ல எடுத்துரு. மழைக்குத் துருப்பிடிச்சுரும்."

அண்ணன் "சரிப்பா" என்றான்.

பிறகு பேசவில்லை. அந்தோணி அண்ணனின் ஜீப் வளைவுக்குக் கீழே காத்திருந்தது. பின்னால் படுக்கவைத்தோம். அண்ணன் தலைமாட்டில், நான் கால்மாட்டில். அடிவாரத்துக்கு முன்னால் கல்பாலத்தில் வண்டி குலுங்கியது. கால் என் மடியிலிருந்து நழுவியது. எடுத்து வைத்தேன். மறுபடி நழுவியது.

அண்ணன் என்னைப் பார்த்தான்.

நவம்பர் 10, திங்கள்

எரித்தாயிற்று. விறகு ஈரம். நிறைய மண்ணெண்ணெய்.

நவம்பர் 27, வியாழன்

காரியம் முடிந்தது. ஜீப்பைக் கயிறு கட்டி ஏற்கனவே மீட்டுவிட்டார்கள். பெரிதாகச் சேதமில்லை.

ஸ்டாண்டில் டீ. யாரும் லாக்கர் பேச்சை எடுக்கவில்லை. அந்தோணி அண்ணன்தான், குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "நாலு மூட்ட மண்ண ஏத்தியிருந்தா அன்னைக்கே ஏறியிருக்கும்டா. பின்னாடி கனமே இல்லையே. இப்பத்தான் தோணுது எனக்கு. இத்தன வருசமா ஓட்டுறோம்" என்றார்.



"அந்நேரம் யாருக்குத் தோணுச்சு?" என்றான் அண்ணன். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

நான் டம்ளரைக் கழுவி வைத்தேன். கடைக்காரர், "நீ எதுக்கும்மா கழுவுற, வச்சிட்டுப் போ" என்றார். இன்னொன்றையும் எடுத்துக் கழுவினேன்.

டிசம்பர் 5, வெள்ளி

முன்னாலும் போட்டுவிட்டான். அப்பாவின் பெயரில் இருந்த காப்பித் தோட்டத்தை விற்று. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இன்னொரு சுவிட்ச். இதுவும் சிவப்பு.

மூன்றாம் வளைவில் மழை ஈரம் அப்படியே இருந்தது. பழக்கத்தில் எல்லோரும் இறங்கினோம். இரண்டு சுவிட்சையும் தட்டிவிட்டு அண்ணன் உடம்பைத் திருப்பினான், இடது கையைப் பக்கத்துச் சீட்டின் மேல் போட்டான். ஜீப் ஒரு இடத்திலும் வழுக்காமல், ஒரு கல்லைக்கூட உதைக்காமல், மெதுவாகப் பின்னால் ஏறிப் போனது. முன்சீட்டில் யாரும் இல்லை. கை மட்டும் அங்கே கிடந்தது.

பெண்கள் குலவை போடவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

ஹைதராபாத் ரயில். ஒரு பெட்டி, ஒரு பை. செவ்வாய்க்கிழமை என்பது கீழே இறங்கும்போதுதான் உறைத்தது.

"முன்னாடி உக்காரு" என்றான் அண்ணன். அப்பாவின் சீட்டில் அப்பாவின் சால்வை மடித்து வைத்திருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் அவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசினான். அங்கே காரம் அதிகமாமே. உடம்பைப் பார்த்துக்கொள். ரத்தம் கித்தம் செக் பண்ணிக்கொள், சர்க்கரை நம்ம குடும்பத்தில் இருக்கிறது.

நாலாம் வளைவில் மூக்கைத் திட்டில் விட்டு நிறுத்தினான். ஏறும்போது இறங்குகிற பழக்கத்தில் கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"எறங்காத. அதான் ரெண்டும் இருக்கே."

ரிவர்ஸ் போட்டான். திரும்பினான். கை என் தோளில் விழுந்தது.

கனமான கை. டீசலும் சோப்பும் கலந்த வாசம். பின்னால் பாதையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்க்கவில்லை. அவன் காது என் வாய்க்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. பாறையில் ஜீப் உட்கார்ந்திருந்த இடம் வந்தது. அடிச்சட்டம் உரசின கோடு இன்னும் வெள்ளையாக இருக்கிறது. அதையும் தாண்டினோம்.

சின்ன மேடுதான். மூன்றாம் வளைவு வந்துவிட்டது. அவன் கையை எடுத்துக் கியரில் வைத்தான்.